டென்டல் ஸ்கூலுக்கு முன் டென்டல் ஆபீஸில் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்க நினைக்கும் மாணவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே பெரும்பாலும் நான்கு வருட இளங்கலைப் படிப்பை முடித்த பிறகுதான் டென்டல் ஸ்கூல். விண்ணப்பம் ஜூன் தொடக்கத்தில் போகும், வகுப்பு தொடங்குவது அடுத்த வருடம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில். பட்டம் வாங்கிய கையோடு விண்ணப்பிப்பவருக்கு நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். அந்த இடைவெளியில் டென்டல் ஆபீஸில் வேலை தேடுவோருக்காக இதை எழுதுகிறேன். நான் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவள். அதனால் சில பதில்கள் ஆபீஸ் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இந்த வேலை அனுபவம் இல்லாமல் டென்டல் ஸ்கூலில் இடம் கிடைக்காதா?

கிடைக்கும். கல்லூரி மதிப்பெண், டென்டல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான டிஏடி, ஷேடோயிங் (டாக்டர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது), பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல் என்று பலவற்றைப் பார்த்துத்தான் இடம் கொடுக்கிறார்கள். ஆபீஸ் வேலை எங்கும் கட்டாயம் இல்லை. மதிப்பெண் தள்ளாடிக்கொண்டிருக்கும்போது வாரம் நாற்பது மணி நேரம் வேலைக்குப் போவது புத்திசாலித்தனமும் இல்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அப்படியானால் ஷேடோயிங் போதாதா? வேலை எதற்கு?

ஷேடோயிங்கும் தேவை. 100 மணி நேரம் என்பது பல பள்ளிகளும் ஆலோசகர்களும் சொல்லும் அளவு. ஆனால் மூலையில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது டாக்டரின் கை செய்யும் வேலை மட்டும்தான். வேலைக்குச் சேர்ந்தால் மீதி எல்லாம் தெரியும். எட்டு மணிக்கு வர வேண்டியவர் ஏழே முக்காலுக்கு போன் செய்து வரவில்லை என்பார். பல்லுக்கு மேல் மாட்டும் உறையான க்ரவுனுக்கு இன்சூரன்ஸ் பணம் தர மறுத்துவிடும், நோயாளி அந்தக் கோபத்தை முன்னால் இருப்பவரிடம் காட்டுவார். லேபிலிருந்து வர வேண்டியது வந்திருக்காது. அதே நாளில் அசிஸ்டென்ட்டும் லீவ் போட்டிருப்பார். பல் மருத்துவரின் நாளில் பெரிய பகுதி பல்லோடு சம்பந்தமே இல்லாதது. சொந்தமாக ஆபீஸ் நடத்தும் ஆசை இருந்தால் அந்தப் பகுதியை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. சிலர் பார்த்துவிட்டு மனதை மாற்றிக்கொள்கிறார்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கிய பிறகு மாற்றிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு நடைமுறை லாபமும் உண்டு. ஷேடோயிங் செய்யும் இடமே பல நேரம் வேலைக்கான வாசல். நேரத்துக்கு வந்து, போனை வெளியே எடுக்காமல், கேட்க வேண்டிய கேள்வியை நோயாளி போன பிறகு கேட்கும் ஒருவரை ஆபீஸில் எல்லோரும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

எனக்கு அனுபவம் இல்லை, சான்றிதழும் இல்லை. என்னை யார் எடுப்பார்கள்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேர். 2020க்குப் பிறகு அசிஸ்டென்ட் கிடைப்பதில்லை என்பதுதான் நாடு முழுவதும் பல் மருத்துவர்களின் பெரிய புலம்பல். பல மாநிலங்களில் அடிப்படை உதவி வேலைகளுக்கு முறையான படிப்பு தேவையில்லை, ஆபீஸிலேயே கற்றுக்கொடுக்கலாம். அதனால் தெரியாதவரை எடுத்துப் பழக்கத் தயாராக இருக்கும் ஆபீஸ்கள் உண்டு.

அவர்களுக்குப் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று மாதம் பழக்கி, ஆள் தேறி வரும் நேரத்தில் போய்விடுவாரோ என்பதுதான் அது. அதனால் ரெஸ்யூமேயில் 'பல் மருத்துவராக வேண்டும் என்பது என் சிறு வயதுக் கனவு' என்று தொடங்கினால், எனக்குக் கேட்பது 'சீக்கிரம் போய்விடுவேன்' என்பது மட்டும்தான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்தில் எந்தெந்த நாள், காலை எத்தனை மணிக்கு வர முடியும் என்பதை முதல் நான்கு வரிக்குள் எழுதுங்கள். காபிக் கடையில், துணிக்கடையில், கல்லூரி லேபில் வேலை பார்த்திருந்தால் அதைச் சங்கோஜமில்லாமல் போடுங்கள். கூட்ட நேரத்தில் கோபமான வாடிக்கையாளரிடம் பேசிப் பழகிய ஒருவரை நான் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மதிப்பெண்ணைவிட மேலாகப் பார்ப்பேன்.

ஆபீஸில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன? எதற்கு முயற்சி செய்வது?

எல்லோரும் கேட்பது அசிஸ்டென்ட் வேலை. நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் தேங்கும் நீரை உறிஞ்சும் சக்‌ஷன் பிடித்து, கருவிகளை எடுத்துக் கொடுப்பது. வலக்கை டாக்டருக்கு உதவும் அசிஸ்டென்ட், நோயாளியின் தலை பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் உட்காருவார். கருவிகள் கைமாறுவது நோயாளியின் மோவாய்க்கும் மார்புக்கும் நடுவில், முகத்துக்கு மேல் அல்ல. ஃபில்லிங் செய்யும்போது எட்ச், பாண்ட், காம்போசிட், லைட் என்று அடுத்தடுத்து எது வேண்டும் என்பது டாக்டர் வாய் திறக்குமுன் கையில் இருக்க வேண்டும். இது வந்துவிட்டால், சிகிச்சையின் வரிசை உங்கள் தலையில் ஏறிவிட்டது என்று பொருள். டென்டல் ஸ்கூலில் நேரடியாகக் கைகொடுப்பது அதுதான்.

ஆனால் அனுபவமில்லாதவருக்குச் சுலபமாகத் திறக்கும் கதவு ஸ்டெரிலைசேஷன். பெரிய ஆபீஸ்களில் இதற்கென்றே ஒருவர் இருப்பார். பயன்படுத்திய கருவிகளை அல்ட்ராசோனிக்கில் போட்டு, கழுவி, காயவைத்து, பையில் இட்டு, ஆட்டோகிளேவில் ஏற்றுவது. சாதாரண நீராவி ஆட்டோகிளேவில் பையிட்ட கருவிகளுக்கு 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். பையின் மேல் கோடு நிறம் மாறினால் சூடு பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். கிருமி செத்ததா என்பதற்கு வாரம் ஒருமுறையாவது ஸ்போர் டெஸ்ட் செய்ய வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் வழிகாட்டல். அலுப்பான வேலை, கைகள் காய்ந்து போகும். இரண்டு மாதத்தில் எந்தச் சிகிச்சைக்கு எந்த ட்ரே என்பது தானாக மனப்பாடம் ஆகிவிடும். அதற்குள் ஒரு நாள் அசிஸ்டென்ட் வராமல் போவார், 'நீ வந்து சக்‌ஷன் பிடிக்கிறாயா' என்று கூப்பிடுவார்கள். பலர் அப்படித்தான் உள்ளே போயிருக்கிறார்கள்.

மூன்றாவது ஃப்ரன்ட் டெஸ்க், அதாவது வரவேற்பு மேசை. டென்டல் ஸ்கூல் கனவில் இருப்பவர்கள் இதைக் கீழாகப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆபீஸ் எப்படிப் பிழைக்கிறது என்பது தெரியும் ஒரே இடம் அதுதான். டென்டல் இன்சூரன்ஸ் மருத்துவ இன்சூரன்ஸ் மாதிரி அல்ல. பல திட்டங்கள் வருடத்துக்கு 1,000 முதல் 2,000 டாலர் வரைதான் தரும், அதற்கு மேல் நோயாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். சுத்தம் செய்வதற்கு 100 சதவீதம், ஃபில்லிங்குக்கு 80, க்ரவுனுக்கு 50 என்று பிரித்திருப்பது வழக்கம். 'வருடத்துக்கு இரண்டு க்ளீனிங்' என்பதும் 'ஆறு மாதத்துக்கு ஒன்று' என்பதும் கேட்க ஒன்றுபோல இருக்கும். இரண்டாவது வகைத் திட்டத்தில் ஒரு நாள் முன்னதாக நேரம் கொடுத்துவிட்டால் பணம் வராது, நோயாளி உங்களைத்தான் கேட்பார். இதையெல்லாம் டென்டல் ஸ்கூலில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். நோயாளி டாக்டரிடம் 'சரி' என்று தலையாட்டிவிட்டு, முன்னால் வந்து 'இப்போது முடியாது, எவ்வளவு ஆகும்' என்று கேட்பதும் அங்கேதான்.

பற்களைச் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் வேலைக்கு மட்டும் கேட்காதீர்கள். அது தனிப் படிப்பும் லைசென்ஸும் உள்ள தொழில். பாதி டாக்டர் என்று நினைத்துக்கொண்டு வந்து கேட்பவர்கள் உண்டு, ஆபீஸில் இருக்கும் ஹைஜீனிஸ்ட் காதில் விழுந்தால் அந்த இன்டர்வியூ அங்கேயே முடிந்தது.

அசிஸ்டென்ட்டாகச் சேர லைசென்ஸ் தேவையா?

மாநிலத்தைப் பொறுத்தது. ஒரு மாநிலத்தில் முதல் நாளே செய்யலாம் என்றிருப்பது பக்கத்து மாநிலத்தில் குற்றம். பெரும்பாலும் சிக்கல் வருவது எக்ஸ்ரேயில். டெக்சஸில் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமானால் மாநில வாரியத்தில் பதிவு பெற்ற அசிஸ்டென்ட்டாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் எக்ஸ்ரேவுக்குத் தனியாகக் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று தேவை. அதுபோக அங்கே லைசென்ஸ் இல்லாத அசிஸ்டென்ட்டுக்கும் 8 மணி நேரத் தொற்றுத் தடுப்பு வகுப்பு, மாநிலப் பல் மருத்துவச் சட்டம் பற்றிய 2 மணி நேர வகுப்பு, உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சியான பிஎல்எஸ் ஆகியவை உண்டு.

உங்கள் மாநில விதியை டான்ப் என்று அழைக்கப்படும் டென்டல் அசிஸ்டிங் தேசிய வாரியத்தின் தளத்தில் மாநிலவாரியாகப் பார்க்கலாம். அங்கே பார்த்துவிட்டு மாநில டென்டல் போர்டின் பக்கத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். விதிகள் மாறுகின்றன.

பணம் கட்டி அசிஸ்டென்ட் கோர்ஸ் படித்துவிட்டுப் போகலாமா?

ஒரு வருட இடைவெளிக்கு ஆயிரக்கணக்கில் கட்டிப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேலையில் இருக்கும் காலமே அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கச் சரியாகப் போகும். சிடிஏ என்ற முழுச் சான்றிதழும் உங்களுக்கு ஒத்து வராது: அங்கீகரிக்கப்பட்ட படிப்பு இல்லாதவர்கள் அந்தத் தேர்வை எழுத 3,500 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். வருடம் முழுவதும் வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் 2,080 தான் வரும்.

செலவழிப்பதானால் இரண்டில் செலவழியுங்கள். ஒன்று, பிஎல்எஸ் அட்டை. ஒரு நாளுக்குள் முடியும், விலை குறைவு, எல்லா ஆபீஸிலும் கேட்பார்கள். இரண்டு, உங்கள் மாநிலம் ஏற்றுக்கொள்ளும் எக்ஸ்ரே சான்று. எக்ஸ்ரே எடுக்கத் தெரிந்த புதியவருக்கும் தெரியாத புதியவருக்கும் நடுவில் ஆபீஸ் அதிக நேரம் யோசிக்காது.

எங்கே தேடுவது?

இன்டீடில் எல்லோரும் தேடுகிறார்கள், நீங்களும் தேடுங்கள். டென்டல்போஸ்ட் என்று இந்தத் துறைக்கே உரிய தளம் ஒன்று இருக்கிறது. மாவட்ட, மாநில டென்டல் சொசைட்டிகளின் பக்கங்களிலும் விளம்பரம் வரும், அங்கே கூட்டம் குறைவு.

பலர் மறந்துபோகும் இடங்கள் சில உண்டு. அரசு உதவி பெறும் சமூக சுகாதார மையங்களில் பல் பிரிவு இருக்கும். நோயாளிகள் அதிகம், கைகள் குறைவு, கற்றுக்கொள்ள ஏராளம். டென்டல் ஸ்கூல்களின் சொந்த கிளினிக்குகளிலும் ஸ்டெரிலைசேஷன், டிஸ்பென்சரி, வரவேற்பு வேலைகள் வரும். ஆர்த்தோடாண்டிஸ்ட், ஓரல் சர்ஜன் ஆபீஸ்களையும் விடாதீர்கள். ஆனால் ஆர்த்தோ ஆபீஸில் ஒரு வருடம் இருந்தால் கம்பி மாற்றுவதை ஆயிரம் முறை பார்ப்பீர்கள், ஒரு ரூட் கெனாலைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். முதல் வேலைக்குப் பொதுப் பல் மருத்துவம் செய்யும் ஆபீஸ்தான் என் தேர்வு.

பல கிளைகள் கொண்ட கார்ப்பரேட் குழுமங்களில் ஆள் எடுப்பது வேகமாக நடக்கும், பயிற்சியும் ஓரளவு ஒழுங்காக இருக்கும். ஒரே டாக்டர் நடத்தும் சிறிய ஆபீஸில் நேரம் பிடிக்கும், ஆனால் அந்த டாக்டர் உங்களைத் தினமும் பார்ப்பார். பரிந்துரைக் கடிதம் எழுதும்போது அந்த வித்தியாசம் தெரியும். கார்ப்பரேட் கிளையில் நடுவிலேயே டாக்டர் மாறிவிடுவதும் உண்டு.

நேரில் போய் ரெஸ்யூமே கொடுப்பது பழைய பாணி இல்லையா?

பழைய பாணிதான், இந்தத் துறையில் இன்னும் வேலை செய்கிறது. ஆனால் நேரம் முக்கியம். திங்கள் காலை போகாதீர்கள்: வார இறுதியில் பல் வலித்தவர்கள் அத்தனை பேரும் அப்போதுதான் போன் செய்வார்கள். வெள்ளிக்கிழமை பல ஆபீஸ்கள் திறப்பதே இல்லை. செவ்வாய் முதல் வியாழனுக்குள், மதிய இடைவேளைக்குச் சற்று முன்போ பிற்பகல் இரண்டு மணி வாக்கிலோ போங்கள்.

டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்காதீர்கள். ஆபீஸ் மேனேஜர் யார் என்று கேளுங்கள், ஆள் எடுப்பது பெரும்பாலும் அவர்தான். இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் மரியாதையாகப் பேசுங்கள், ஏனென்றால் நீங்கள் கதவைச் சாத்திய அடுத்த நொடி மேனேஜர் அவரிடம்தான் 'எப்படி' என்று கேட்பார். ஒரு வாரம் கழித்து ஒரு போன். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், அம்மா அப்பா போன் செய்து விசாரிப்பது வேண்டவே வேண்டாம். நடக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

அடுத்த வருடம் போய்விடுவேன் என்பதைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் எடுக்க மாட்டார்களே?

சொல்லுங்கள். சில ஆபீஸ்கள் எடுக்காது, உண்மைதான். அந்த ஆபீஸ்கள் உங்களுக்கு வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். மறைத்துச் சேர்ந்தால் சில மாதங்களிலேயே பள்ளி நேர்காணலுக்கு லீவ் கேட்க வேண்டிவரும். காரணம் சொல்லாமல் நடுவாரத்தில் இரண்டு மூன்று முறை காணாமல் போக முடியாது. கடைசியில் பரிந்துரைக் கடிதம் கேட்கப் போவதும் அதே டாக்டரிடம்தான். தன்னிடம் மறைத்தவருக்கு அவர் என்ன எழுதுவார்?

எப்படிச் சொல்வது என்பதில் விஷயம் இருக்கிறது. 'எனக்கு இடம் கிடைத்தால் போய்விடுவேன்' என்றால் நாளைக்கே போவதுபோல ஒலிக்கும். 'இந்த ஜூனிலிருந்து அடுத்த ஜூலை வரை முழு நேரம் இருப்பேன். நேர்காணல் நாட்களைத் தேதி தெரிந்த அன்றே சொல்லிவிடுவேன். போகுமுன் எனக்குப் பதிலாக வருபவரைப் பழக்கிவிட்டுப் போகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். மேனேஜர் தலைக்குள் கணக்கு ஓடும்: பதின்மூன்று மாதம் நிச்சயமாக வரும் ஒருவர், நிரந்தரம் என்று சேர்ந்து நான்காவது மாதம் போன் எடுக்காமல் போகிறவரைவிட மேல். என் அனுபவத்தில் தேதியோடு வருபவர்கள்தான் தேதி வரை இருக்கிறார்கள்.

மூன்று மாதக் கோடை விடுமுறைக்கு மட்டும் அசிஸ்டென்ட் வேலை கேட்பது வேறு கதை. பழக்குவதற்கே அந்தக் காலம் போய்விடும். அப்படிப்பட்டவர்கள் ஸ்டெரிலைசேஷன், ஃபைல் வேலை, மகப்பேறு விடுப்பில் போகும் ஃப்ரன்ட் டெஸ்க் ஆளின் இடம் என்று கேட்டால் வாய்ப்பு உண்டு.

'வொர்க்கிங் இன்டர்வியூ' என்கிறார்களே, அது என்ன?

அரை நாளோ ஒரு நாளோ ஆபீஸில் வேலை செய்ய வைத்துப் பார்ப்பது. இந்தத் துறையில் சர்வசாதாரணம். ஓரமாக நின்று பார்ப்பது வேறு, நோயாளிக்கான வேலையைச் செய்வது வேறு. வேலை செய்தால் அதற்குக் கூலி தர வேண்டும். 'இது டெஸ்ட்தானே' என்று ஒரு வாரம் இலவசமாக உழைக்கச் சொல்லும் இடத்திலிருந்து அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். சேர்ந்த பிறகும் அப்படித்தான் இருப்பார்கள்.

மூடிய, வழுக்காத செருப்பு, வெட்டிய நகம், கட்டிய முடி, வாசனைத் திரவியம் வேண்டாம். நோயாளியின் மூக்கு உங்களிடமிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கப் போகிறது.

சேருமுன் என்ன படித்து வைத்துக்கொள்ளலாம்?

பல் எண்கள். இதைத் தெரிந்துகொண்டு வருபவர் முதல் நாளே தனியாகத் தெரிவார். அமெரிக்காவில் யுனிவர்சல் முறை: மேல் வலது ஞானப்பல் 1, அங்கிருந்து மேல் வரிசையில் நகர்ந்து மேல் இடது ஞானப்பல் 16, அதன் நேர் கீழே 17, கீழ் வரிசையில் திரும்பி வந்து கீழ் வலது 32. பால் பற்கள் இருபதுக்கும் எண் இல்லை, ஆங்கில எழுத்துகள். வேறு பல நாடுகளின் புத்தகங்களில் இருப்பது எஃப்டிஐ முறை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எஃப்டிஐயில் 11 என்பது மேல் வலது முன்பல். யுனிவர்சலில் 11 என்றால் மேல் இடது கோரைப்பல். குழப்பினால் சார்ட்டில் தவறான பல் ஏறிவிடும்.

அடுத்தது பல்லின் பக்கங்கள். மீசியல் (முன்பக்கம்), டிஸ்டல் (பின்பக்கம்), ஆக்லூசல் (கடிக்கும் பரப்பு), பக்கல் (கன்னப் பக்கம்), லிங்குவல் (நாக்குப் பக்கம்). டாக்டர் வாயைப் பார்த்துக்கொண்டே 'முப்பது, எம்ஓடி' என்பார். கீழ் வலது முதல் கடைவாய்ப் பல்லில், முன்பக்கம், கடிக்கும் பரப்பு, பின்பக்கம் மூன்றையும் தொடும் ஃபில்லிங் என்று நீங்கள் உடனே பதிய வேண்டும். திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் ஒவ்வொரு பல்லுக்கும் கேட்க முடியாது.

ஃப்ரன்ட் டெஸ்க் போகிறவர்கள், ஒவ்வொரு சிகிச்சைக்கும் உள்ள சிடிடி குறியீடுகளில் ஒரு பத்தையாவது பார்த்துவைக்கலாம். டி0120 வழக்கமான பரிசோதனை, டி0274 நான்கு பைட்விங் எக்ஸ்ரே, டி1110 பெரியவர்களுக்கான க்ளீனிங், டி2740 செராமிக் க்ரவுன். அமெரிக்க டென்டல் அசோசியேஷன் இந்தப் பட்டியலை வருடாவருடம் புதுப்பிக்கிறது. மென்பொருளில் டென்ட்ரிக்ஸ், ஈகிள்சாஃப்ட், ஓப்பன் டென்டல் மூன்றும் பரவலாக இருப்பவை. ஓப்பன் டென்டலின் சோதனைப் பதிப்பை இறக்கி வீட்டிலேயே தட்டிப் பார்க்கலாம், இன்டர்வியூவில் அதைச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில் 2023 மே மாதம் டென்டல் அசிஸ்டென்ட்டுகளின் இடைநிலை (மீடியன்) வருட ஊதியம் 46,540 டாலர், அதாவது மணிக்கு 22 டாலருக்குச் சற்று மேல். இது அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்தது. புதியவருக்கு இதைவிடக் குறைவாகவே தொடங்கும், ஊரைப் பொறுத்து நிறைய மாறும். சேரும்போதே 'எக்ஸ்ரே சான்று வாங்கினால் எவ்வளவு கூடும்' என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்பதைவிட அது சுலபம்.

ரத்தம், ஊசி எல்லாம் இருக்கிறதே, பாதுகாப்பா?

விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. ரத்தம் வழியாகப் பரவும் கிருமிகள் பற்றி, வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஓஷாவின் விதி 1991இல் வந்தது. அதன்படி ரத்தத்தோடு தொடர்புள்ள வேலையில் அமர்த்தப்பட்ட 10 வேலை நாட்களுக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை ஆபீஸ் தன் செலவில் வழங்க வேண்டும், அதற்கு முன் பயிற்சியும் தர வேண்டும். கையுறை, மாஸ்க், கண்ணாடி, கவுன் எல்லாம் ஆபீஸ் செலவு.

ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியது: உடனே சோப்பு போட்டுக் கழுவி, அந்த நிமிடமே சொல்லுவது. புதியவர்கள் திட்டு விழுமோ என்று மறைக்கிறார்கள். ஹெச்ஐவிக்கான தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பரிசோதனைச் செலவும் ஆபீஸுடையதுதான்.

தெரிந்த குடும்ப நண்பர் டென்டிஸ்ட். அவர் ஆபீஸில் சேரலாமா?

சேரலாம், பலருக்கு முதல் வாய்ப்பே அப்படித்தான் வருகிறது. ஆனால் 'நம் பிள்ளைதானே' என்று சம்பளம் இல்லாமல் வைத்துக்கொள்வது நடக்கும். லாபத்துக்கு நடத்தும் ஆபீஸில் ஊழியர் செய்யும் வேலையைத் தன்னார்வம் என்று சொல்லி இலவசமாக வாங்கக் கூடாது. இலவச கிளினிக்குகளில், லாப நோக்கற்ற முகாம்களில் தன்னார்வம் சரி. இன்னொன்று, அங்கிள் எழுதும் கடிதத்துக்கு எடை குறைவு. ஷேடோயிங்கையாவது அறிமுகமில்லாத ஒருவரிடம் செய்யுங்கள்.

என் மகள் ஹெச்-4 விசாவில் இருக்கிறாள். வேலைக்குப் போகலாமா?

ஹெச்-4 என்பது ஹெச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா. அதில் வேலை அனுமதி அட்டை கிடைப்பது குறிப்பிட்ட சில வாழ்க்கைத்துணைகளுக்கு மட்டும். பிள்ளைகளுக்குக் கிடையாது. சம்பளம் வேண்டாம், சும்மா உதவட்டும் என்று ஆபீஸில் வேலை செய்ய வைப்பதும் ஆபத்து, பின்னால் விசா மாற்றும்போது கேள்வி வரும். வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் ஷேடோயிங்கை நம்பலாம். 21 வயதானால் ஹெச்-4 நிலையே முடிந்துவிடும் என்பதால் அந்தக் கவலை முதலில்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு சிபிடி, ஓபிடி என்ற வேலைப் பயிற்சி அனுமதிகள் வழியாக வேலை செய்ய வழி உண்டு, ஆனால் வேலை படித்த பாடத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். உயிரியல் படித்தவர் பல் மருத்துவ ஆபீஸில் செய்யும் வேலை அப்படிக் கணக்காகுமா என்பதைச் சேருமுன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் கேளுங்கள். இரண்டு சூழலிலும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுவது வீண் செலவு அல்ல.

எனக்கு அனுமதியில்லாத வேலையைச் செய்யச் சொன்னால்?

'ஒரே ஒரு எக்ஸ்ரேதானே, யாருக்குத் தெரியப் போகிறது' என்று தொடங்கும். மறுத்துவிடுங்கள். 'எனக்குச் சான்று இல்லை, டென்டல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கிறேன், பதிவில் இது இருக்கக் கூடாது' என்றால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். புரிந்துகொள்ளாத இடத்தில் இருக்க வேண்டாம். அதேபோல நோயாளியின் எக்ஸ்ரேயைப் போனில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது, பெயர் மறைத்திருந்தாலும் செய்யாதீர்கள். நோயாளியின் தகவலைக் காக்கும் 1996இன் ஹிப்பா சட்டம் டாக்டருக்கு மட்டுமானதல்ல, ஆபீஸில் இருக்கும் எல்லோருக்கும்தான்.

விண்ணப்பத்தில் இதை எப்படிக் காட்டுவது?

பல பள்ளிகளுக்கும் சேர்த்து அனுப்பும் பொது விண்ணப்பத்தில் ஷேடோயிங் ஒரு பிரிவு, வேலை ஒரு பிரிவு. ஒரே மணி நேரத்தை இரண்டிலும் எழுதாதீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு சக்‌ஷன் பிடித்த நேரம் வேலை. லீவ் நாளில் வந்து ஞானப்பல் எடுப்பதைப் பார்த்தது ஷேடோயிங். இரண்டையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தனித்தனியாகக் குறித்து வாருங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள் நான்கு வரை அனுப்பலாம், அதில் ஒன்று டென்டிஸ்ட்டுடையதாக இருப்பதைப் பல பள்ளிகள் விரும்புகின்றன. ஜூனில் விண்ணப்பித்துவிட்டு அதே ஜூனில் வேலைக்குச் சேர்ந்தால் அந்த வேலை உங்கள் முதல் விண்ணப்பத்தில் பெரிதாக இருக்காது, நேர்காணலில்தான் பேசப்படும். கடிதம் வேண்டும் என்றால் முந்தைய வருடமே, வாரம் ஒரு நாளாவது தொடங்குங்கள். கட்டுரையில் 'நோயாளிகளின் புன்னகை' பற்றி எழுதாதீர்கள், ஆயிரம் பேர் எழுதுவார்கள். பணம் இல்லாததால் பல்லைக் காப்பாற்றாமல் பிடுங்கிக்கொள்ளத் தீர்மானித்தவரிடம் டாக்டர் என்ன பேசினார் என்பதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருப்பீர்கள். எழுத வேண்டியது அதுபோன்றவை, நோயாளி யாரென்று தெரியாதபடி.

வேலையில் இருக்கும்போது டிஏடிக்குப் படிக்க முடியுமா?

முழு நேர வேலையோடு கஷ்டம். எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்துவிட்டு வந்து ஆர்கானிக் படிக்க முதுகு ஒத்துழைக்காது. தேர்வை எழுதிவிட்டுச் சேருங்கள், அல்லது தேர்வு வரை வாரம் இரண்டு மூன்று நாள் என்று பேசிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் எந்தப் பள்ளியிலும் இடம் கிடைக்கவில்லை என்றால் ஆபீஸில் என்ன சொல்வது?

தெரிந்த அன்றே மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் உங்கள் இடத்துக்கு அவர் ஆள் தேடத் தொடங்கியிருப்பார். இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன் என்றால் பெரும்பாலும் அவருக்கு நிம்மதிதான். அந்தப் பேச்சிலேயே எக்ஸ்ரே சான்று வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து சம்பள உயர்வு கேளுங்கள். மறுவிண்ணப்பத்துக்கு எது குறைந்தது என்று பள்ளிகளிடம் மின்னஞ்சலில் கேட்கலாம், சில பள்ளிகள் பதில் சொல்லும். மதிப்பெண்ணோ டிஏடியோதான் காரணம் என்று வந்தால், வேலை நாட்களை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாமா என்பதையும் மேனேஜரிடம் அப்போதே பேசிவிடுங்கள்.